அடைப்பு இல்லை

இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்லிவிட்டு எக்கோ எடுக்கிற பெண் என் விலாவில் பசையைத் தடவுகிறாள், "கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும் மேடம்" என்கிறாள், கொஞ்சமா, மீன் வைத்த ஐஸ் பெட்டிக்குள் நெஞ்சைத் திணித்த மாதிரி இருக்கிறது, அதன் மேல் கருவியை வைத்து அழுத்துகிறாள், எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் எதையோ தவறவிட்டுத் தேடுகிறவள் மாதிரி. தேடு. நன்றாகத் தேடு. ஆண்டவரே, ஏதாவது ஒன்று இருக்கட்டும். இப்படி ஒரு ஜெபத்தை எந்த மனுஷியாவது பண்ணியிருப்பாளா, பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிற யாரோ ஒரு அம்மா ஒன்றும் இருக்கக் கூடாது என்று கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருக்கிறாள், நான் இருக்கட்டும் என்கிறேன், இரண்டு ஜெபமும் ஒரே நேரத்தில் மேலே போனால் அவர் என்னத்தைத்தான் செய்வார். திரை அந்தப் பெண் பக்கம் திரும்பியிருக்கிறது, எனக்குத் தெரிவது அவள் முகத்தில் விழுகிற சாம்பல் வெளிச்சம் மட்டும். முகத்தைப் படிக்க எனக்குத் தெரியும், எத்தனை பிள்ளைகளின் முகத்தைப் படித்திருக்கிறேன், எவள் வயிற்றுவலி என்று பொய் சொல்கிறாள், எவள் உண்மையிலேயே சுருண்டு விழப் போகிறாள் என்று விளையாட்டு டீச்சருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும். இவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. "மூச்சை வெளிய விட்டுட்டு அப்படியே பிடிங்க மேடம்." பிடிக்க என்னிடம் மூச்சு இருந்தால் நான் எதற்குத் தூத்துக்குடியிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்து இங்கே படுத்திருக்கிறேன். மைதானத்தின் ஒரு கோடியில் நின்று நான் ஊதினால் மறுகோடிக்கு அப்பால் ரயில்வே கேட்டில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், சுகந்தி டீச்சர் விசில் என்றால் அப்படி. இப்போது விசிலை வாயில் வைத்துக்கொண்டு யோசிக்கிறேன், முதலில் காற்று சேரட்டும் என்று. திடீரென்று அந்த இயந்திரத்திலிருந்து ஒரு சத்தம், கல்லில் துணி அடித்துத் துவைக்கிற மாதிரி, சளப், சளப், அவசர அவசரமாக. "இது என்னம்மா?" "உங்க ரத்தம் ஓடுற சத்தம் மேடம்." "நல்லா ஓடுதா?" "டாக்டர் சொல்வாங்க." அவள் எதையோ அளக்கிறாள், மறுபடியும் அளக்கிறாள், மறுபடியும் அதே இடத்தில் அழுத்துகிறாள். ஒன்றுமில்லாத இடத்தை யாரும் திரும்பத் திரும்ப அளப்பார்களா. மாட்டார்கள். எனக்குள் வருவது பயமா சந்தோஷமா தெரியவில்லை, இரண்டுக்கும் உடம்பில் ஒரே இடம்தான் போலிருக்கிறது.

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் இவர் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, "என்ன சொன்னா?" என்கிறார். "டாக்டர் சொல்வாங்களாம்." "ஒண்ணும் இருக்காது ஏளா, போன வருஷமே பாத்தாச்சுல்லா, அடைப்பு இல்லன்னு." அடைப்பு இல்லை. இந்த இரண்டு வார்த்தையை என் கல்லறையில் எழுதி வைக்கலாம். எமிலி சுகந்தி, அருமைநாயகத்தின் மனைவி, அடைப்பு இல்லை. போன வருஷம் எங்கள் ஊரிலேயே ஒரு பெரிய டாக்டர், மணிக்கட்டு வழியாகக் கம்பியை விட்டுப் படம் பிடித்துவிட்டு, சிரித்தபடி வந்து இவர் தோளில் தட்டினார், "குழாயெல்லாம் கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கு சார், கூட்டிட்டுப் போங்க". கண்ணாடி மாதிரி. அப்புறம் என் பக்கம் திரும்பி, "மாதவிடாய் நிக்கிற வயசும்மா, கொஞ்சம் எடை போட்டிருக்கீங்க, சுகர் வேற இருக்கு, தினமும் வாக்கிங் போங்க, எல்லாம் சரியாப் போகும்" என்றார். என்னிடம். பள்ளிக்கூடம் முழுவதையும் வெயிலில் ஓடவிட்ட என்னிடம், வாக்கிங் போங்க. நடக்க முடியவில்லை என்றுதானே ஐயா வந்தேன், நடந்தால் இங்கே, இந்த நடு எலும்புக்குப் பின்னால், யாரோ ஈரச் சாக்கை வைத்து அமுக்குகிறார்களே, அதைச் சொல்லத்தானே வந்தேன். சொன்னேன். கேட்டுக்கொண்டார். "மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார். ஆக மனசு. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் போதகர் வாசித்தார், சகோதரி எமிலி சுகந்தி அவர்களுக்கு இருதயத்தில் யாதொரு அடைப்பும் இல்லை என்று வைத்தியர் சொன்னபடியால் அவர்கள் குடும்பத்தார் செலுத்துகிற ஸ்தோத்திரக் காணிக்கை. சபை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அல்லேலூயா என்றது. நான் எழுந்து நின்று கும்பிட்டேன். பாட்டுக்கு நிற்கும்போது மூச்சு வாங்கி நான் மட்டும் உட்கார்ந்தேன், பின்வரிசையில் என் நாத்தனார் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது காதில் விழுந்தது, "இப்போ என்னத்துக்கு உக்காருதா, அதான் ஒண்ணும் இல்லன்னு ஆகிப்போச்சே". ஸ்தோத்திரம் பண்ணியாயிற்று. இனிமேல் எனக்கு நோவு இருந்தால் அது கடவுளைப் பொய்யராக்குகிற காரியம்.

பெனிட்டா. வேண்டாம், மகளை இங்கே நினைக்க வேண்டாம், நினைத்தால் படபடப்பு வரும், உள்ளே போனதும் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். ஆனால் எதை நினைத்தாலும் வட்டம் சுற்றி அந்த மாடிப்படியில்தானே வந்து நிற்கிறது, வேளச்சேரியில் மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம், மருமகன் ஜோயலுக்கு ஆபீஸ் பக்கம் என்று பிடித்த வீடு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பார்கள், இவள் ஆஸ்பத்திரி அங்கேதான் நல்லதாக இருக்கிறது, அம்மா நீ இங்க வந்துரு என்றாள். போனேன். முதல் மாடி ஏறினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் யாருடைய வீட்டு வாசலிலோ கிடந்த செருப்பு ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கண்ணில் பூச்சி பறந்தது, வாயைத் திறந்து காற்றைக் கடித்துக் கடித்து விழுங்கினேன். மேலே நிறைமாத வயிற்றோடு அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்து, "அம்மா, நானே ஏறுதேன், ஒனக்கு என்ன?" என்று சிரித்தாள். அப்போது சிரிப்புதான். ஏறி இறங்க முடியவில்லை, மல்லாந்து படுத்தால் மூச்சு அடைக்கிறது, தலையணைக்கு மேல் தலையணை வைத்து உட்கார்ந்தே தூங்குகிறேன், கால் மாலையானால் வீங்கி விரலை வைத்தால் குழி விழுகிறது. பிள்ளை பிறந்ததும் வெந்நீர் தூக்கிக்கொண்டு போகும்போது பாதியில் தரையில் வைத்துவிட்டேன். கீழே போட்டுவிடவில்லை, வைத்தேன். அதற்குள் அவளுடைய மாமியார் ஓடிவந்து எடுத்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாளில் நான் ஊருக்குக் கிளம்பிவிட்டேன், நான் போய்ட்டு ஒடம்பப் பாத்துட்டு வாரேன் மக்களே என்று. வாசலில் நின்று பெனிட்டா சொன்னாள், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, சத்தம் போடாமல், "ஒடம்புல ஒண்ணும் இல்லன்னு டாக்டரே சொல்லியாச்சும்மா. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிட்டுப் போ. பொறந்தது பொம்பளப்பிள்ளையாப் போச்சுன்னுதானே?" எங்கிருந்து எடுத்தாள் அந்த வார்த்தையை. பெண்பிள்ளைகளை ஓடவைத்தே வயிறு வளர்த்தவள் நான், ஒற்றைப் பெண்ணைப் பெற்றுவிட்டுப் போதும் என்று நிறுத்திக்கொண்டவள். பதில் சொல்ல வாயெடுத்தேன், மூச்சு வரவில்லை. பேசாமல் இறங்கினதால் நான் ஒப்புக்கொண்டுவிட்டதாக அவள் எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வீடியோவில் பிள்ளையைக் காட்டுவாள், பிள்ளையின் முகம் மட்டும் வரும், பிடித்திருக்கிற கை வரும், அவள் முகம் வராது.

அப்போதிருந்து எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, அதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம். ஒருவேளை மனசுதானோ. எனக்குள்ளேயே ஒரு சோம்பேறி பிறந்து, பெருத்து, என் காலைப் பிடித்து இழுக்கிறாளோ. பொய் வயிற்றுவலிக்காரிகளை வெயிலில் நிற்கவைத்தேனே, அதில் எவளாவது உண்மையாக இருந்திருப்பாளோ என்று தொடங்கினால் அந்த வட்டம் எங்கே போய் நிற்குமோ. கண்ணாடி முன்னால் நின்று, "ஏட்டி, நடிக்கியா?" என்று கேட்டிருக்கிறேன். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம், முட்டியில் சின்னச் சிராய்ப்பு ஆற மாதக்கணக்கு, இதெல்லாமும் நடிப்பா, ஈறுக்கு நடிக்கத் தெரியுமா. பக்கத்தில் இவர் வாயைப் பிளந்து ஆஸ்பத்திரி டிவியில் சமையல் நிகழ்ச்சி பார்க்கிறார். நல்ல மனுஷர். துறைமுகத்துப் பக்கம் கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கையெழுத்துப் போட்டு வந்த காகிதத்தை நம்புவார், அது இல்லாத எதையும் நம்ப மாட்டார், என் மூச்சுக்கு யாரும் கையெழுத்துப் போடவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட இவ்வளவு கசந்திருக்காது. அன்பாகவே நம்பாமல் இருந்தார். காய் நறுக்கிக் கொடுப்பார், மீன் கழுவிக் கொடுப்பார், கொடுத்துவிட்டு, "ஒனக்கு ஒண்ணும் இல்லளா, தைரியமா இரி" என்பார். தைரியமாக இருந்து இருந்து கடைசியில் அசெம்பிளியில் கொடி ஏற்றும்போது கயிற்றைப் பிடித்தபடியே நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டதால்தான் இந்த இரண்டாவது டாக்டர், இந்த நாற்காலி. "எமிலி சுகந்தி" என்று கூப்பிடுகிறார்கள். எழுந்திருக்கிறேன். இப்போதும் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டால். எனக்கு இருப்பது சாவு பயம் இல்லை, ஒன்றும் இல்லாமல் வீட்டுக்குத் திரும்புகிற பயம்.

டாக்டர் பெண்தான், என் பழைய மாணவி வயது இருக்கும், முடியை இழுத்துக் கட்டி மூக்கில் சின்னப் பொட்டு மூக்குத்தி. காகிதத்தைப் பார்க்காமல் முதலில் என் காலைப் பார்க்கிறார், குனிந்து கணுக்காலில் விரலால் அமுக்குகிறார், குழி விழுகிறது. "மூச்சு வாங்குறது எப்பல இருந்தும்மா?" "ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கும் டாக்டர்." இவர் முந்திக்கொள்கிறார், "போன வருஷம் ஆஞ்சியோ பாத்தாச்சு டாக்டர், அடைப்பு இல்ல". "பாத்தேன் சார். அடைப்பு இல்ல. ஆனா இதயம்ங்கிறது குழாய் மட்டும் இல்லையே, அது ஒரு தசை. குழாய் நல்லா இருந்து தசை கெட்டுப்போகலாம். சுகர் இருக்கிறவங்களுக்கு அப்படி ஆகும்." அப்புறம் என் பக்கம் திரும்புகிறார், இவரை விட்டுவிட்டு என் பக்கம், அந்தத் திரும்பல் ஒன்றுக்காகவே அந்தப் பெண்ணின் காலில் விழலாம் போலிருக்கிறது. "ஒங்க கால்ல முள்ளு குத்துனா என்னம்மா ஆகும்?" "செவந்து வீங்கும்." "அது ஏன்? உடம்பு சண்டைக்கு ஆள் அனுப்புது. முள்ளை எடுத்ததும் சண்டை முடிஞ்சு வீக்கம் வடிஞ்சிடும். அதுக்குப் பேர்தான் அழற்சி, உடம்புக்குத் தேவையானதுதான். ஆனா ரத்தத்துல எப்பவும் சர்க்கரை கூடியே இருந்தா, முள்ளே இல்லாம ஆள் வந்துட்டே இருப்பான். கொழுப்புல இருந்து, ஈறுல இருந்து, ஆறாத புண்ணுல இருந்தெல்லாம் அதுக்குத் தீனி போகும். சண்டை முடியவே முடியாது. வலிக்காது, காய்ச்சல் அடிக்காது, வெளிய தெரியவே தெரியாது. இதயத் தசைக்குள்ள அப்படியே கனன்று கனன்று, தசை இருக்க வேண்டிய எடத்துல கொஞ்சம் கொஞ்சமாத் தழும்பு ஏறிடும். ஒங்க இதயம் நல்லாத்தான் சுருங்குது, அதான் முன்னால பாத்தவங்களுக்குப் பிடிபடல. விரியுறதுக்குத்தான் முடியல. விறைச்சுப் போச்சு. விரியாததால ரத்தம் பின்னாலயே தேங்கி நுரையீரல்ல போய் நிக்குது." நான் மைதானத்தில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். ஆக இத்தனை நாளும் என் நெஞ்சுக்குள் ஒன்று அட்டென்ஷனில் நின்றுகொண்டிருந்திருக்கிறது, ஸ்டாண்ட் அட் ஈஸ் சொல்ல ஆளில்லாமல். "அப்போ நடிப்பு இல்லையே டாக்டர்?" கேட்டுவிட்டேன், அவருக்குப் புரியவில்லை, "என்னம்மா?" என்கிறார். "ஒண்ணும் இல்ல. நெசமாவே நோய்தானே?" "நோய்தாம்மா." உடம்பு முழுக்க ஒரு சந்தோஷம் ஓடுகிறது. ஐயோ, என்ன சந்தோஷம் அது, மாநிலப் போட்டியில் என் பிள்ளைகள் ஜெயித்தபோதுகூட இப்படி வரவில்லை, மேசையைப் பிடித்துக்கொள்கிறேன், பல்லைக் காட்டிவிடக் கூடாது. இவர், "அடைப்பு இல்லைன்னா பயப்பட ஒண்ணுமில்லைல்லா டாக்டர்?" என்கிறார் மறுபடியும், பாவம். "பயப்படணும் சார்" என்கிறார் டாக்டர், சாதாரணமாக, மாத்திரை எழுதியபடி, "இது தேங்குன நீரை எறக்கும், இது சர்க்கரையை ஒண்ணுக்குல வெளிய தள்ளும், இதயத்துக்கும் நல்லது. சர்க்கரையை ஒழுங்காக் கட்டுக்குள்ள கொண்டு வரணும், ஈறு டாக்டரையும் பாத்துருங்க. ஸ்கூல்ல ஓட்டம் கீட்டம் எல்லாம் இப்போதைக்கு நிறுத்திடுங்க. கூடாம பாத்துக்கலாம்." கூடாம. குறையும் என்று சொல்லவில்லை. "தழும்பு போகுமா டாக்டர்?" "தழும்பு தழும்புதாம்மா." சந்தோஷம் நின்ற இடத்திலேயே நிற்கிறது, இன்னும் வடியவில்லை, ஆனால் அதன் கீழே வேறு ஏதோ ஊற ஆரம்பித்துவிட்டது. "ரெண்டு வருஷத்துக்கு முன்னால பாத்திருந்தா?" அவர் பேனா மூடியைத் திருகுகிறார், திறக்கிறார், மறுபடி திருகுகிறார். "இப்பவாவது வந்தீங்களே." அது பதில் இல்லை. பதில் அதற்குள் இருந்தது.

வராந்தாவில் ஜன்னலோரம் நிறுத்திவிட்டு இவர் போனை எடுக்கிறார், வேளச்சேரிக்குத்தான், என்னைப் பற்றிய தகவல் இவர் வழியாகத்தான் போகும். "மக்களே, பாத்தாச்சு. அடைப்பு இல்ல. ஆமா, இங்கயும் அதான் சொல்லுதாங்க. லேசா அழற்சியாம், மாத்திரை குடுத்திருக்காங்க. பயப்பட ஒண்ணும்..." லேசா. எந்த வாயால் சொன்னார் அந்த டாக்டர் லேசா என்று. இவரும் கேட்டுக்கொண்டுதானே இருந்தார் பக்கத்தில். வேண்டுமென்றே இல்லை, பிள்ளை பயந்துவிடக் கூடாது, பால் கொடுக்கிறவள், அதுதான், எல்லாவற்றுக்கும் ஒரு நல்ல காரணம், நல்ல காரணங்களாலேயே என்னை மூடி மெழுகிவிட்டார்கள். போனைப் பிடுங்கினேன். இத்தனை வருஷத்தில் அவர் கையிலிருந்து எதையும் பிடுங்கினது இல்லை. "பெனிட்டா, அம்மா பேசுதேன். லேசா இல்ல. என் இருதயத் தசை கெட்டுப்போச்சு. சுகராலயும் உள்ளுக்குள்ள இருந்த அழற்சியாலயும் தழும்பு விழுந்துருக்கு. அது போகாது. இனிமே கூடாம பாத்துக்கிடலாம், அவ்வளவுதான்." அந்தப் பக்கம் ஃபேன் சத்தம், தூரத்தில் குக்கர் விசில். அப்புறம் கேட்டாள், "அப்போ மூணு மாடி ஏற முடியலைன்னு நீ சொன்னது நெசந்தானாம்மா?" நெசந்தானா. என் வயிற்றில் பிறந்தவள் கேட்கிறாள். என் மூச்சை அவளுக்கு மொழிபெயர்க்க ஒரு தழும்பு தேவைப்பட்டது. "ஆமா" என்றேன். அழ ஆரம்பித்தாள். சாரிம்மா, சாரிம்மா, நான் என்னல்லாம் பேசிட்டேன், சாரிம்மா. இதைத்தான் கேட்க வேண்டும் என்று எத்தனை தடவை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடி கற்பனை பண்ணியிருப்பேன், அவள் அழுவாள், நான் பெருந்தன்மையாக இருப்பேன். இதோ அழுகிறாள். எதிரணி வராமல் போனதால் கொடுக்கிற கோப்பை மாதிரி கையில் கனக்கிறது. நான் ஜெயித்துவிட்டேன், ஜெயித்தது எதனால் என்றால் என் நெஞ்சு கெட்டுப்போனதால், கெட்டிருக்காவிட்டால் நான் இன்றைக்கும் பொய்க்காரி. அவள் விசும்பலுக்கு நடுவில் நிறுத்தி நிறுத்திக் காத்திருக்கிறாள், எனக்குத் தெரியும் எதற்கு என்று, பரவாயில்ல மக்களே என்கிற ஒரு வார்த்தைக்கு. நாக்கு நுனியில்தான் இருந்தது. தாய் என்றால் அதைச் சொல்லிவிட வேண்டும், சிறுபிள்ளையாக அவள் பீங்கானை உடைத்தபோது சொன்னது, காய்ச்சலில் என் சேலையில் வாந்தி எடுத்தபோது சொன்னது. "பிள்ளை என்ன செய்யுது?" என்றேன். "தூங்குதாம்மா." "சரி, முழிக்கப் போறா. அழாத. நான் மருந்து வாங்கணும், வைக்கேன்." வைத்துவிட்டேன்.

இவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "அழுதாளா?" "அழுதா." "ஒரு வார்த்த பரவால்லன்னு சொல்லியிருக்கலாம்லா. பச்ச ஒடம்புக்காரி." "ரெண்டு வருஷமா எல்லாருக்கும் அதத்தான் சொல்லிட்டு இருந்தேன். இன்னைக்கு ஒரு நாள் சொல்லாம இருந்துக்கிடுதேன்" என்றேன். அவர் முகம் சின்னதாகிப் போனது. ஃபைலிலிருந்து மருந்துச் சீட்டை எடுத்து வாசித்தார், மடித்தார், மறுபடி பிரித்தார். ஸ்ட்ரெச்சர் ஒன்று எங்களைத் தாண்டிப் போயிற்று, நாங்கள் சுவரோடு ஒட்டி வழிவிட்டோம். அது போன பிறகும் அவர் சுவரைவிட்டு நகரவில்லை. "ஏளா" என்றார், குரல் எங்கேயோ இருந்து வந்தது, "ரொம்பக் கஷ்டமா இருக்குமோ, மூச்சு வாங்கும்போது?" அதைக் கேட்க அவருக்கு ஒரு டாக்டரின் கையெழுத்து வந்துசேர வேண்டியிருந்தது. கேட்டதே போதும் என்று மனசு இளகப் பார்த்தது, இளகவிடவில்லை நான். "ஆமாங்க" என்றேன். அதற்கு மேல் அவருக்குக் கேட்கத் தெரியவில்லை. எனக்கும் சொல்லித் தரத் தோன்றவில்லை.